மாசெலேயின் பட்டை

2017 பிப்ரவரி 7, செவ்வாய்

மூன்றாவது நாளாகத் தூறல். மேம்பாலத்தின் மேல் கடை போட்டு உட்கார்ந்திருந்தால் கீழே பஸ்கள் மிதந்து போவது போல இருக்கிறது. மருந்துப் பட்டையெல்லாம் நமத்துவிட்டது. ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கின் மேல் பரப்பினேன். ஈரப் பட்டைக்கு ஒரு வாசனை உண்டு — காடு தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. அதை முகர்ந்துகொண்டே பாதி நாளை ஓட்டிவிட்டேன். வந்தவர்கள் நாலு பேர். இருமலுக்கு இரண்டு, வயிற்றுக்கு ஒன்று. செத்த மாமியார் கனவில் வந்து திட்டுகிறாள் என்று ஒன்று.

நாளை ஆராய்ச்சி நிலையத்தில் ரத்தம் கொடுக்கும் நாள். பக்கத்துக் கடை கேசேபியிடம் பல் வலி என்று சொல்லியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு பல் வலி, ஒன்பது வருஷமாக. என் வாயில் எத்தனை பல் என்று அவள் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, புதன்

பதினான்கு குழாய். டாக்டர் ங்குபானே இன்று கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக் காட்டினாள். சின்னப் பெண், முப்பத்து மூன்று வயதுதான் இருக்கும். திரையில் சிவப்பும் நீலமுமாகக் குட்டிக் கட்டங்கள், மணி கோத்த துணி மாதிரி.

“இது நான்தானா?”

“உங்க வெள்ளை அணுக்கள், மாசெலே. ஒவ்வொரு கட்டமும் ஒரு மரபணு. சிவப்பா இருக்கறது சுறுசுறுப்பா வேலை செய்யுது. நீலம் சும்மா கிடக்குது.”

புரியவில்லை என்றேன். கொஞ்சம் யோசித்தாள். “ஞாயித்துக்கிழமை கோயில்ல எல்லார் கையிலயும் ஒரே பாட்டுப் புத்தகம்தானே? ஆனா எல்லாரும் எல்லாப் பாட்டையும் பாடறதில்ல. ஒவ்வொரு அணுக்குள்ளயும் அதே புத்தகம்தான் இருக்கு. உங்க அணுக்கள் மட்டும் சில பாட்டை விடாம பாடுது. மத்தவங்களோடது அதை எப்பவோ நிறுத்திடுச்சு.”

எச்.ஐ.வி. கிருமி என் உடம்பில் இருக்கிறதாம். ஆனால் மெஷினுக்கு அகப்படாதாம். நூறு பேரில் ஒருவருக்குக்கூட இப்படி அமையாதாம். ஏன் எனக்கு என்று கேட்டேன். “அதைத்தானே தேடறோம்” என்றாள். பிறகு எப்போதும் போல, “இப்பல்லாம் எல்லாருக்குமே மாத்திரை தர்றோம். உங்களுக்கும் ஆரம்பிக்கலாமா?”

வேண்டாம் என்றேன். அவள் சொல்லி முடிப்பதற்குள்ளே.

பிப்ரவரி 9

கனவு. விடியற்காலைக் கடற்கரை. வெள்ளை அங்கி போட்ட பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பாடுகிறார்கள். கிட்டே போனால் ஒருத்திக்கும் முகமில்லை. பயமாகவே இல்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

என் புருஷன் பேகானி போய் இன்றோடு ஒன்பது வருஷம். கடைசி மாதங்களில் அவரை ஒரு கையால் தூக்கிவிடுவேன், அத்தனை லேசாகிப் போயிருந்தார். நான் அப்படியே இருந்தேன். கன்னம்கூட ஒட்டவில்லை. அவர் தங்கை குழி மூடும் முன்பே எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “எங்க அண்ணனைத் தின்னுட்டு எப்படி நிக்கறா பாரு, தளதளன்னு.”

அதற்கப்புறம்தான் பரிசோதனைக்குப் போனேன். எனக்கும் இருந்தது. எத்தனை வருஷமாகவோ.

சூனியக்காரி என்ற பேரைச் சுமந்தவளுக்கு, ‘நீங்கள் அபூர்வம், மாசெலே’ என்று ஒரு டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான். அதனால்தான் மாத்திரை வேண்டாம் என்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இங்கேயாவது உண்மையை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 14, செவ்வாய்

கேசேபி கண்டுபிடித்துவிட்டாள். என் பையில் சில்லறை தேடியவள் ஆராய்ச்சி நிலைய அட்டையை எடுத்துவிட்டாள்.

“பல்லா வலிச்சுது உனக்கு? வாயைத் திற பாப்போம்.”

சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னேன். அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: “மாத்திரையே இல்லாமலா? அப்போ எந்தப் பட்டை?”

“ஒண்ணும் இல்ல, கேசேபி. என் உடம்பு அப்படி.”

“இருபது வருஷமா உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். எங்கிட்டயே மறைக்கிறியா?”

இல்லை என்று இன்னொரு தரம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சும்மா சிரித்தேன்.

மார்ச் 30, வியாழன்

பைன்டவுனிலிருந்து ஒரு பெண் வந்தாள். “மாசெலேங்கறது நீங்களா?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் வாங்கவில்லை. போகும்போது என் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 20, வியாழன்

கேசேபியின் கடையில் சிவப்பு நூல் கட்டிய பட்டைக் கட்டுகள், வரிசையாக. “மாசெலேயோட பட்டை” என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். எனக்கெதிரிலேயே!

“இதை நிறுத்து” என்றேன்.

“வயித்துக்குக் கெடுதல் பண்ணாத பட்டை. நோய் போகும்னு நான் சொன்னேனா? அவங்களா சொல்லிக்கறாங்க. நீயும்தான் வாயை மூடிக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்கே.”

உண்மைதான். இந்த ஒரு மாதமாக வீட்டுக்குப் போகிற உம்லாசி டாக்சி வேனில்கூட எனக்கு ஜன்னலோர இடம் விடுகிறார்கள். டவுனில் நடக்கும்போது கால் தரையில் படுவதாகவே தெரிவதில்லை. மதிய வெயிலில் கண்ணை மூடினால் உள்ளே அந்தச் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாக எரிகின்றன. நானே ஒரு நகரம் போல, எல்லா ஜன்னலிலும் விளக்கு வைத்துக்கொண்டு.

மே 9, செவ்வாய்

பாலத்தின் அடியில் மக்காச்சோளம் அவித்து விற்கிற நோக்வாசி இன்று மேலே வந்தாள். ஐந்து மாத வயிறு. இருபத்து நாலு வயது, முதல் பிள்ளை. எனக்கு ஒரு கதிர் கொண்டுவந்திருந்தாள், சூடாக.

“பெரியம்மா, ஒண்ணு கேக்கட்டுமா? நிஜமாவே நீங்க மாத்திரை போடறதே இல்லையா?”

“இல்ல.”

“அப்போ மாத்திரை இல்லாம இருக்கலாம்.”

“என் உடம்பு வேற மாதிரிம்மா” என்றேன். அதற்குள் ஆள் வந்துவிட்டது. ஒரு வேரை நிறுத்துக் கொடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவள் படியிறங்கிக்கொண்டிருந்தாள். ஏன் கேட்டாள்? நான் ஏன் அதைக் கேட்கவில்லை?

மே 10

எடை பார்க்கப் புது மெஷின் வந்திருக்கிறது. டாக்டர் ங்குபானேக்குச் சளி. பதினான்கு குழாய்தான்.

ஜூன் 3, சனி

எழுதக் கை வரவில்லை.

கேசேபி கடையில் நோக்வாசி நிற்பதைப் பார்த்தேன். கையில் சிவப்பு நூல் கட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயோரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, நாக்கிலும். பேகானிக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அதே வெள்ளை.

“எத்தனை நாளா இதைக் குடிக்கிறே?”

“ஆறு வாரம், பெரியம்மா.”

“மாத்திரை?”

கட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். சொல்லவே வேண்டாம்.

நான் அன்றைக்குச் சிரித்தேனே, மார்ச்சில் — அந்தச் சிரிப்பு பாலத்திலிருந்து இறங்கி, படியெல்லாம் இறங்கி, கீழே அந்தப் பெண் வயிறு வரைக்கும் போயிருக்கிறது. நான் என்ன பண்ணிட்டேன். என்ன பண்ணிட்டேன் நான்.

ஜூன் 4, ஞாயிறு

கோயிலுக்குப் போகாமல் நோக்வாசியின் அறைக்குப் போனேன். அவளுடைய ஆள் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாதாம். மாத்திரை டப்பா கிலுகிலுவென்று சத்தம் போடுகிறது என்று பஞ்சு அடைத்து வைத்திருந்தாளாம். போட்டால் தலை சுற்றுகிறது, கனவுகள் வேறு — கூரை பெயர்ந்து பறக்கிற மாதிரி, பிள்ளை மீனாகப் பிறக்கிற மாதிரி. காலையில் அடுப்பு மூட்ட முடியவில்லையாம்.

“அந்தப் பட்டையில ஒண்ணுமே இல்ல, நோக்வாசி. நான் அதைக் குடிச்சதே இல்ல.”

“அப்போ ஏன் ஜனங்க சொல்லும்போது சும்மா இருந்தீங்க?”



“உங்களுக்கு உடம்பு நல்லா அமைஞ்சிருக்கு. ஜம்முனு உக்காந்துகிட்டு எனக்குப் போடு போடுன்னு சொல்றீங்க. நீங்க ஒரு ராத்திரி போட்டுப் பாருங்களேன்! அந்தக் கனவுல ஒரு ராத்திரி கிடந்து பாருங்க. அப்புறம் வந்து எனக்குச் சொல்லுங்க.”

கதவைச் சாத்தினாள். உள்ளே அழுகிற சத்தம். படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கோ மாடியில் யாரோ மக்காச்சோள மாவில் பூத்துக் களி கிளறுகிற வாசனை. பசித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பசிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஜூன் 6, செவ்வாய்

முறை இல்லாத நாளில் போய் நின்றேன். டாக்டர் ங்குபானே பயந்துவிட்டாள். நோக்வாசியைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

“என் ரத்தத்தை எடுத்து அந்தப் பொண்ணுக்கு ஏத்துங்க” என்றேன். “ஒன்பது வருஷமா எடுக்கறீங்களே. குழாய் குழாயா எடுக்கறீங்க. ஒருத்திக்காவது ஆகட்டும்.”

என்னை உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். “முடியாது, மாசெலே. உங்க அணுக்கள் அவ உடம்புல தங்காது. அதுங்க என்ன செய்யுதுன்னு படிச்சு, அதே மாதிரி ஒரு மருந்து செய்யணும். என் காலத்துல நடக்குமான்னு தெரியல.”

“அது வரைக்கும்?”

“மாத்திரைதான். நல்லா வேலை செய்யுது. இன்னிக்கே ஆரம்பிச்சா பிள்ளையைக் காப்பாத்திடலாம்.”

“அப்போ எனக்கும் கொடுங்க.”

அவள் கை மேஜை மேல் அப்படியே நின்றது. எனக்குப் புரிந்தது: மாத்திரை போட்டுவிட்டால் நான் அபூர்வம் இல்லை. கிருமியை அடக்குவது என் அணுக்களா மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“ஆராய்ச்சிக்காரியா கேட்டா, உங்களை மாதிரி இந்த ஊர்ல ஏழு பேர்தான் இருக்காங்க” என்றாள் மெதுவாக. “டாக்டரா கேட்டா, போடுங்க. கிருமியை அடக்கி வைக்கறதும் உங்க உடம்புக்கு ஓயாத வேலைதான்.”

“இத்தனை வருஷம் ஏன் சொல்லல?”

“ஒவ்வொரு தடவையும் கேட்டேன். நீங்க வேண்டாம்னீங்க.” காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். “ஆனா ஒரு தடவைகூட ரெண்டாவது முறை கேக்கல. ஏன் கேக்கலேன்னு எனக்கும் தெரியும்.”

மாத்திரை ஆரம்பிக்கும் முன் கடைசியாக ஒரு பெரிய எடுப்பு. நாலு மணி நேரம், ஒரு கையிலிருந்து மெஷினுக்குப் போய், வெள்ளை அணுக்களை அங்கே விட்டுவிட்டு, மறு கைக்குத் திரும்பி வருகிற ரத்தம். ஜன்னலில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 7, புதன்

விடியும் முன்பே நோக்வாசியின் அறைக்குப் போய் மாத்திரை டப்பாவைக் காட்டினேன். லேபிளில் என் பேரை இரண்டு தரம் படித்தாள். பிறகு செருப்பைத் தேடினாள். ஒன்றாகவே கிளினிக்குக்குப் போனோம்.

ஏற்பாடு இது: ராத்திரி எட்டு மணிக்கு விழுங்கியதும் ஒரு மிஸ்டு கால். முதலில் யார் என்பது போட்டி.

8.02. ஜெயித்துவிட்டாள்.

ஜூன் 8, வியாழன்

அப்பா! இதையா அந்தப் பெண் தனியாகத் தாங்கினாள்?

மேம்பாலம் எழுந்து நடந்தது. நான் அதன் முதுகில். கடலுக்குள் இறங்கி, மறுகரையில் ஏறி, பேகானி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் மண்டியிட்டது. “ஏறு” என்றேன். “நீ போ, நான் அடுத்ததுல வர்றேன்” என்றார். முகம் பழையபடி நிறைந்திருந்தது. எழுந்தபோது சுவர் தள்ளாடிக்கொண்டிருந்தது. தலையணை நனைந்திருந்தது.

காலையில் நோக்வாசிக்குப் போன் செய்தேன். “பாலம் நடந்துச்சா? அதெல்லாம் ஒண்ணுமே இல்ல, பெரியம்மா. எனக்கு மக்காச்சோளமெல்லாம் பல்லைக் காட்டிப் பேசுச்சு.” சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

ஜூன் 12, திங்கள்

திங்கட்கிழமைக் காலையில் சந்தைப் பெண்கள் எல்லோரும் பாலத்தைப் பெருக்கி முடித்து ஜெபத்துக்குக் கூடுவார்கள். நாற்பது பேர் இருக்கும். முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள் என்றேன்.

“எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. என் புருஷன் அதுலதான் செத்தார். ஒன்பது வருஷம் நான் மாத்திரை இல்லாம இருந்தது நிஜம். அது என் உடம்போட வாகு. எந்தப் பட்டையும் இல்ல. சிவப்பு நூல் கட்டுல இருக்கறது வெறும் வயித்து வலிப் பட்டை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவங்க யாரையாவது தெரிஞ்சா, இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. போன புதன்கிழமையிலருந்து நானும் மாத்திரை போடறேன்.”

யாரோ விசில் அடித்தார்கள். யாரோ “ஆமென்” என்றார்கள், கேலியா நிஜமா தெரியவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி: “நேத்து வரைக்கும் சும்மா இருந்துட்டு இன்னிக்கு என்ன பிரசங்கம்?”

“சும்மா இருந்தது என் தப்பு. அதைச் சொல்லத்தான் நின்னேன்” என்றேன்.

கேசேபி என்னைப் பார்க்கவேயில்லை. தன் சாக்கு, பெட்டி, குடை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு எதிர்வரிசைக்கு மாறிவிட்டாள். இருபது வருஷம். பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

ஜூன் 23

இன்று வந்தது ஒரே ஆள். வழி கேட்டார்.

ஜூலை 11, செவ்வாய்

மூன்று பேர் தனித்தனியாக வந்து, பட்டை வாங்குவது போல் குனிந்து, எந்தக் கிளினிக், எந்த சிஸ்டர் கோபப்படாமல் பேசுவாள் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். மூன்றாவது ஆள் பைன்டவுன் பெண். இந்த முறையும் முழங்கையைத் தொட்டாள்.

டாக்சியில் ஜன்னலோர இடம் இல்லை. இரண்டு பேர் என் பக்கம் உட்காராமல் பின் இருக்கையில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஜூலை 29, சனி

நோக்வாசி தன் ஆளிடம் சொல்லிவிட்டாள். இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லையாம். மூன்றாம் நாள் வந்து பரிசோதனைக்கு நின்றானாம். அவனுக்கு இல்லை. அவன் அதை நம்பாமல் இன்னொரு தரம் விரலை நீட்டினானாம். டப்பாவிலிருந்த பஞ்சை அவனே எடுத்துப் போட்டான்.

ஆகஸ்ட் 18

8.00. இன்று நான் ஜெயித்தேன்.

கனவுகள் நீர்த்துவிட்டன. கொஞ்சம் வருத்தம்கூட.

செப்டம்பர் 5, செவ்வாய்

பெண் குழந்தை. மீன் இல்லை.

குதிகாலில் ஒரு குத்து, ஒரு சொட்டு. அதன் அழுகை வராந்தா கடைசிவரை கேட்டது. என் ஒன்பது வருஷக் குழாய்களையெல்லாம் சேர்த்தாலும் அந்தச் சொட்டுக்கு ஈடாகாது. முதல் முடிவு ஒரு வாரத்தில் வரும். பத்தாவது வாரம் மறுபடி பார்ப்பார்களாம், அதுதான் முக்கியமாம். அது வரை தினமும் சொட்டு மருந்து.

செப்டம்பர் 12

முதல் முடிவு: இல்லை. இன்னும் ஒன்று இருக்கிறது. மூச்சை முழுக்க விடவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

டாக்டர் ங்குபானே அழைத்திருந்தாள். மாத்திரைக்கு முன் எடுத்தது, பின் எடுத்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். சிவப்பாக இருந்த கட்டங்களில் பல இளஞ்சிவப்பாகியிருந்தன. சில நீலம்.

“செத்துப் போச்சா?” என்று கேட்டேன்.

“இல்லவே இல்ல. ஓய்வு எடுக்குது. இத்தனை வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாம நின்னிருக்கு, மாசெலே. எங்களுக்கே இப்பத்தான் தெரியுது, எவ்வளவு பாடுபட்டிருக்குன்னு.” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “இதுவும் ஆராய்ச்சிக்கு உதவும். நாங்க யாரும் கேக்காத கேள்வி இது. தொடர்ந்து வருவீங்களா?”

வருகிறேன் என்றேன்.

வரும் வழியெல்லாம் தூக்கத்தில் கண் சொக்கியது. டாக்சியில் யார் தோளிலோ சாய்ந்து தூங்கியிருக்கிறேன். அந்த அம்மாள் எழுப்பவில்லை. உம்லாசி வந்ததும்தான் தட்டினாள்.

நவம்பர் 17, வெள்ளி

நல்ல வெயில். நோக்வாசி பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு, போன வாரம் எடுத்த ரத்தத்தின் முடிவு கேட்கக் கிளினிக்குக்குப் போயிருந்தாள். என்னுடைய மாத்திரையையும் அவளே சேர்த்து வாங்கி வருவதாக ஏற்பாடு. பிள்ளையைச் சாக்குகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் துணி விரித்துப் படுக்கவைத்தேன். பேர் இன்னும் நிலைக்கவில்லை; ஆளுக்கொன்று கூப்பிடுகிறோம்.

பதினொரு மணி இருக்கும், போன். “இல்லையாம், பெரியம்மா. ரெண்டாவதும் இல்லையாம்.” கீழே பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

எதிரே ஒரு நிழல் விழுந்தது. கேசேபி. ஐந்து மாதத்தில் முதல் தடவை நடைவழியைக் கடந்து வந்திருக்கிறாள். பெட்டியைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என்ன சேதி என்று கேட்கவில்லை.

“பிள்ளை மூஞ்சியில வெயில் அடிக்குது” என்றாள். “ஒரு குடை பத்தாது இதுக்கு.”

போனாள். தன் குடையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.